முகதாட்சண்யமும் அழகு நிலையமும்



மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்டு தலைநகரில் வாழும் என்னைப் போன்றவர்களிடம், பிற மொழிக்காரர்களான சக அலுவலர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "உங்கள் மொழியில் எந்தச் சொல்லைப் பெயர்ப்பது மிகவும் கடினம்?" என்பது அந்தக் கேள்வி. ஆழ்ந்த தத்துவச் சொல் ஏதேனும் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் 'முகதாட்சண்யம்' என்று விடை கூறுவது வழக்கம். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி 'வேண்டாம்' என்று சொல்ல நா எழாமல், உள்ளம் ஒப்பாத ஒன்றுக்கு வாய் இசைந்துவிடுகிறதே, அந்த நிலைக்கு நாம் இட்ட பெயர் அது. கலியாணப் பந்தியில் மூன்றாம் முறையும் பாயசம் வாங்கிக்கொள்வதும், தெரிந்தவர் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து இடுவதும் இதன் விளைவுகளே. வடமொழியிலிருந்து வந்த சொல்தான். எனினும் நாம் அதைப் புழங்குகிற பொருளில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் ஒரு வாக்கியம் செலவாகும்.

இந்த முகதாட்சண்யத்தைக் காசாக மாற்றும் கலை நம் காலத்தில் மிக நேர்த்தியாக வளர்ந்திருக்கும் இடம் ஒன்று உண்டென்றால், அது அழகு நிலையமும் அதன் உடன்பிறப்பான மசாஜ் நிலையமும்தான். அங்கே நம்மீது சுமத்தப்படும் வற்புறுத்தல் விற்பனையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அழகு நிலையத்தை வெறுப்பவள் அல்லள் நான். கரோல் பாக்கிலும் மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட அம்மாவோ பாட்டியோ இல்லை. தில்லிக் குளிர்காலம் தோலை உலர்த்திச் சுண்ட வைக்கிறது. கோடைக்காலத்துப் புழுதிக் காற்றோ அதற்கும் மேல். வாரம் முழுதும் கோப்புகளுடன் போராடிய பெண்மணி, ஒரு மணி நேரம் பிறர் கையில் தலையை ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது குற்றம் ஆகாது. அந்தத் தொழிலைத் திறம்படச் செய்பவரின் விரல்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. அந்த விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் தொடங்கும் மற்றொரு வேலையைப் பற்றித்தான் என் பேச்சு.

துணிக்கடையில் நாம் நிமிர்ந்து நிற்கிறோம். பிடிக்காவிட்டால் நடந்து வெளியேறலாம். அழகு நிலையத்தில் நம் நிலை எத்தகையது என்று சற்று எண்ணிப் பாருங்கள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டார்கள். தலை நனைந்திருக்கிறது, அல்லது முகத்தில் பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு புருவம் திருத்தப்பட்டு மற்றொன்று எஞ்சியிருக்கிறது. நாற்காலியைச் சாய்த்து நம்மைப் பாதி படுக்க வைத்திருப்பதால், பேசுபவரின் முகம் நமக்கு மேலே இருக்கிறது. எதிரில் உள்ள நிலைக்கண்ணாடியைச் சுற்றி எரியும் வெள்ளை விளக்குகளோ, வீட்டுக் கண்ணாடி ஒருநாளும் காட்டாத புள்ளிகளையெல்லாம் பொறுக்கி எடுத்துக் காட்டுகின்றன. மசாஜ் நிலையத்தில் இன்னும் மோசம். அங்கே ஆடையையும் ஒப்படைத்துவிட்டுக் குப்புறப் படுத்திருக்கிறோம். மனிதர் ஒருவர் தன்மானத்துடன் பேரம் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமற்ற நிலையை நானும் எண்ணிப் பார்த்துவிட்டேன். பல் மருத்துவரின் நாற்காலி ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

விற்பனைப் பேச்சு இந்த வேளை பார்த்தே தொடங்குகிறது. தொடங்கும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். விரல் ஒரு கணம் நிற்கும். நெருங்கிப் பார்ப்பார்கள். பிறகு, மிகுந்த பரிவுடன், "மேடம், இதை இதுவரை யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?" என்று கேட்பார்கள். மொழியைக் கொண்டு பிழைப்பவள் என்ற முறையில் அந்த வாக்கியத்தின் அமைப்பை நான் வியக்காமல் இருக்க முடிவதில்லை. 'சொன்னார்கள்' என்றால் குறை உண்டு என்று ஒப்புக்கொண்டோம். தெரிந்தும் கவனிக்காதவர் ஆகிறோம். 'சொல்லவில்லை' என்றாலும் குறை உண்டுதான். அதைச் சொல்லக்கூட வேண்டியவர்கள் இல்லாதவர் ஆகிறோம். குறை இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

என் தங்கை மகள் ஈராண்டுகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்து குருகிராமில் முதல் வேலையில் அமர்ந்தாள். தோழியரோடு அறை எடுத்துத் தங்கினாள். ஒரு சனிக்கிழமை மாலை, புருவம் திருத்திக்கொள்ள 70 ரூபாயை எடுத்துக்கொண்டு அருகில் இருந்த குளிர்சாதன அழகு நிலையத்துக்குச் சென்றிருக்கிறாள். கன்னத்தில் நிறம் மங்கியிருக்கிறது என்றார்களாம். தோலுக்கு அடியில் வெயிலின் கறை படிந்திருக்கிறது, இப்போதே கவனிக்காவிட்டால் முப்பது வயதில் திட்டுத்திட்டாக நிலைத்துவிடும் என்றார்களாம். இலவசமாக ஒரு கன்னத்துக்கு மட்டும் ஏதோ பூசித் துடைத்து, "இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றார்களாம். மேலாளர் பெண்மணி வந்தார். ஒருமுறைக்கு 2,000 ரூபாய் விலையுள்ள ஃபேஷியல், பன்னிரண்டு முறைக்கு முன்பணம் கட்டினால் 14,400 ரூபாய்தான், சலுகை இன்று இரவோடு முடிகிறது என்றார். நாற்பது நிமிஷத்தில் அந்தப் பெண் தன் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

இதை அவள் என்னிடம் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று. பணத்தைப் பற்றி அவள் பேச்சையே தொடங்கவில்லை. "பெரியம்மா, என் முகம் அவ்வளவு மோசமாகவா இருக்கிறது?" என்றுதான் கேட்டாள். இடையில் ஊரில் இருக்கும் தாயுடன் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவதைத் தவிர்த்து, வேலை மிகுதி என்று சொல்லிக் குரலில் மட்டுமே பேசி வந்திருக்கிறாள். என் தங்கையோ, பெண் ஏதோ மறைக்கிறாள் என்று அங்கே உறக்கமின்றி இருந்திருக்கிறாள். 14,400 ரூபாய் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். இருபத்து மூன்று வயதில் தன் முகத்தைத் தாய்க்குக் காட்டக் கூசுமாறு ஒரு பெண்ணைச் செய்துவிடுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

விற்பனையின் இந்த வழிகள் நேற்று முளைத்தவை அல்ல. 'ஷாம்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது புட்டியில் அடைத்த நுரைநீருக்குப் பெயர். ஆங்கிலத்துக்கு அது போனதோ நம் நாட்டிலிருந்து. இந்தியில் 'அழுத்து, பிடித்துவிடு' என்று பொருள்படும் ஏவல் வினையாக. பாட்னாவில் 1759இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பணியாற்றி, பின்னர் இங்கிலாந்து சென்ற சேக் தீன் மஹமத் என்பவர், பிரைட்டன் என்னும் கடற்கரை ஊரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் சேர்ந்த நிலையம் ஒன்றை நடத்தினார். அரசர் நான்காம் ஜார்ஜுக்கே 'ஷாம்பு வைத்தியர்' என்ற பதவியைப் பெற்றார். 1822இல் தம் சிகிச்சையைப் புகழ்ந்து ஒரு நூலும் வெளியிட்டார். குணமடைந்து போனவர்கள் விட்டுச் சென்றவை என்று ஊன்றுகோல்களைத் தம் நிலையத்தில் காட்சிக்கு வைத்திருந்தாராம். இன்றைய நிலையங்களில் சுவரில் தொங்கும் 'முன்பு, பின்பு' புகைப்படங்களுக்கு அந்த ஊன்றுகோல்கள் மூத்த உறவு. ஆனால் அந்த மனிதர் ஊன்றுகோலைக் காட்டினாரே தவிர, வந்தவரின் காலைப் பார்த்து முகம் சுளித்ததாக நான் படித்ததில்லை.

இலவசக் கன்னத்துக்கும் புருவத்துக்கும் வருவோம். சிறிய இசைவு பெரிய இசைவுக்குக் கதவைத் திறக்கிறது என்பதை 1966இல் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். கலிபோர்னியாவில் வீட்டு முற்றத்தில் 'கவனமாக ஓட்டுக' என்ற பெரிய, அவலட்சணமான பலகையை நட அனுமதி கேட்டபோது, 100க்குச் சுமார் 17 பேரே இசைந்தனர். ஆனால் அதே பொருள் பற்றிய சிறு அட்டை ஒன்றைச் சன்னலில் வைத்துக்கொள்ள இரு வாரங்களுக்கு முன்பே இசைந்திருந்தவர்களிடம் கேட்டபோது, 100க்கு 76 பேர் பெரிய பலகைக்கும் தலையசைத்தனர். 1971இல் ரீகன் என்பவர் மற்றொன்றைக் காட்டினார்: கேளாமலே ஒரு குளிர்பானத்தை வாங்கிக் கொடுத்தவன் பின்னர்ப் பரிசுச் சீட்டு விற்க முயன்றபோது, அதைக் குடித்தவர்கள் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சீட்டு வாங்கினார்கள். நாம் முகதாட்சண்யம் என்று ஒரே சொல்லில் வைத்திருப்பதைத்தான் அவர்கள் எண்ணிக்கையில் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடைவீதியில் 'பத்து நிமிஷம் இலவசமாகக் கை பிடித்துவிடுகிறோம்' என்று அழைக்கும் மசாஜ் நிலையம், அந்தக் குளிர்பானத்தைத்தான் நீட்டுகிறது.

ஆடவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்ய வேண்டியதில்லை. முடி திருத்திக்கொள்ளப் போன என் தம்பி, வழுக்கை விழாமல் தடுக்கும் சீரம், முகத்துக்குக் கரித்தூள் பூச்சு, தோள்பட்டை மசாஜ் ஆகிய மூன்றும் கண்டு, ஒரு காகிதப் பையோடு திரும்பி வந்தான். வழுக்கை தன் வழியில் தொடர்கிறது.

பணத்தோடு உடலுக்கும் ஊறு நேரும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தலைமுடிச் சாயங்கள் பலவற்றில் பாராபெனிலின் டையமின் என்னும் பொருள் கலந்திருக்கிறது. சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும்; நெற்றி, கண் இமை எல்லாம் வீங்கிவிடும். ஆகவே, இச்சாயங்களைப் பயன்படுத்துமுன் சிறு இடத்தில் தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையை உறையின்மீது அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்தச் சோதனையை 48 மணி நேரம் முன்னதாகச் செய்யுமாறு உற்பத்தியாளர்களின் குறிப்புத்தாள்கள் பொதுவாகக் கூறுகின்றன. இப்போது எண்ணிப் பாருங்கள்: முடி வெட்டிக்கொள்ள அமர்ந்தவரிடம், "நரை தெரிகிறது, இப்போதே சாயம் போட்டுவிடலாம், அரை மணி நேரம்தான்" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சாயத்தை விதிப்படி போட அவரால் எப்படி முடியும்? முதல் முறையாகச் சாயம் பூசிக்கொள்பவருக்கு, நாற்காலியில் அமர்ந்தபின் வரும் யோசனை எப்போதுமே 48 மணி நேரம் தாமதமானது. முடியை நேராக்கும் சிகிச்சைகளிலும் இத்தகைய எச்சரிக்கை தேவை. அவற்றுள் சில, சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைட் வாயுவை வெளியிடுகின்றன. கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் வாடிக்கையாளருக்கு ஒரு நாள்; அதைச் செய்யும் பணிப்பெண்ணுக்கோ நாள்தோறும்.

அந்தப் பணிப்பெண்ணைப் பற்றியும் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. தில்லி அழகு நிலையங்களில் வேலை பார்ப்பவர்களில் பலர் மணிப்பூர், மிசோரம், டார்ஜிலிங் போன்ற தொலைவிடங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். நான் வழக்கமாகப் போய்வந்த ஓர் இடத்தில் ஒரு பெண், கடை காலியாக இருந்த ஒரு பிற்பகலில், தன் நிலையை எனக்கு விளக்கினாள். அடிப்படைச் சம்பளம் அறை வாடகைக்குச் சரியாகப் போய்விடும். மாதத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் க்ரீம் விற்றால்தான் ஊக்கத்தொகை. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் குறைந்தது இரண்டு பொருள்களைப் பற்றியாவது பேசியே ஆக வேண்டும்; பேசாவிட்டால் மேலாளர் பின்னால் நின்று கவனித்துக் குறித்துக்கொள்வார். "மேடம், எனக்கும் இப்படிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும்" என்றாள். ஆகவே கோபத்தை அவள்மீது காட்டுவது பயனற்றது, தகாததும்கூட. கையில் செய்த வேலைக்கு நன்றியும் இயன்றால் சிறு அன்பளிப்பும் தந்துவிட்டு, க்ரீமை மறுத்துவிடலாம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

எப்படி மறுப்பது? இங்கே நம் மொழிப்பழக்கமே நமக்குத் தடை. தமிழில் 'பார்க்கலாம்' என்றால் மறுப்பு. 'அப்புறம் சொல்கிறேன்' என்றால் உறுதியான மறுப்பு. 'அவரைக் கேட்டுச் சொல்கிறேன்' என்றால் இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பொருள். கேட்கும் தமிழரும் அதை அப்படியே புரிந்துகொண்டு கௌரவமாக விலகிவிடுவார். இந்த மூன்றையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து அழகு நிலையத்தில் சொல்லிப் பாருங்கள். 'பார்க்கலாம்' என்பது பாதிச் சம்மதம் ஆகிவிடும். 'அப்புறம்' என்றதும், எந்தத் தேதி என்று கேட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். 'அவரைக் கேட்க வேண்டும்' என்றால், கைப்பேசியை நீட்டி இப்போதே கேளுங்கள் என்பார்கள். இந்த மொழிபெயர்ப்பு நேர்வதற்குத் தில்லிவரை வர வேண்டியதில்லை. சென்னை நிலையங்களிலும் விற்பனைப் பயிற்சி பெற்றவர்கள் தமிழையே அப்படித்தான் கேட்கிறார்கள்.

மறுப்புக்குக் காரணம் கூறுவதும் இதைப்போன்றதே. 'விலை அதிகம்' என்றால் தவணை வரும். 'நேரமில்லை' என்றால் பதினைந்து நிமிஷத்தில் முடியும் ஒன்று வரும். 'என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது' என்றால், ஒத்துக்கொள்ளாத தோலுக்கென்றே தயாரித்தது அடுத்த அலமாரியில் இருக்கும். காரணம் என்பது எதிராளி பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. 'வேண்டாம், நன்றி' என்ற இரு சொற்களில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டாம் முறை கேட்டாலும் சொல்லை மாற்றாமல், குரலையும் உயர்த்தாமல், அவற்றையே திரும்பச் சொல்ல வேண்டும். மூன்றாம் முறை பெரும்பாலும் கேட்பதில்லை. நாற்காலியில் அமருமுன்பே, நின்ற நிலையில், "இன்று இன்ன வேலை மட்டும், விலை என்ன, வரி சேர்த்தா சேராமலா? வேறு எதைப் பற்றியும் பேச வேண்டாம், கண்ணை மூடி ஓய்வெடுக்க வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் மேல். அப்போது மூக்குக்கண்ணாடி நம் மூக்கில் இருக்கிறது.

வரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முடிதிருத்தம், அழகுக்கலை போன்ற சேவைகளுக்கான சரக்கு-சேவை வரி 18 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம் ஆயிற்று. பழைய விகிதம் சீட்டில் கண்டால் கேட்க வேண்டும். வரிப் பதிவு பெறாத சிறு கடை, வரி என்று எதையும் தனியாக வசூலிக்க இயலாது.

சட்டம் நமக்குத் துணையாக இருப்பது எவ்வளவு தூரம்? 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விலையையும் தரத்தையும் முன்கூட்டி அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமை என்கிறது. செய்த சேவைக்குச் சீட்டுத் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பாதிக்கப்பட்டவர் கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. க்ரீமும் சீரமும் பொட்டலப் பொருள்களாதலால் அதிகபட்ச விலை, நிகர அளவு, தயாரித்தவர் பெயர் ஆகியன உறையில் இருக்க வேண்டும். உறையற்ற கிண்ணத்திலிருந்து எடுத்துப் பூசிவிட்டு 'வெளிநாட்டுச் சரக்கு' என்பவரிடம், அது வந்த புட்டியைக் காட்டச் சொல்வதில் அநாகரிகம் எதுவும் இல்லை. சீட்டுப் போடும்போது கைப்பேசி எண்ணைக் கொடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தலாகாது என்பதையும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. எண்ணைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தீபாவளிக்கு முந்தைய வாரம் உங்கள் கைப்பேசியே சொல்லும்.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையதள வணிகத்தில் கையாளப்படும் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பெயரிட்டுத் தடை செய்தது. அப்பெயர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்குள் எண்ணிப் பார்த்ததுண்டு. வாங்காத பொருளைக் கூடைக்குள் நுழைத்தல். விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூறுதல். பொய்யான அவசரத்தை உண்டாக்குதல். மறுப்பவரை நாணச் செய்தல். இவற்றுள் எதையும் கணினியின் துணையின்றியே அழகு நிலையத்தில் அனுபவிக்கலாம். ஆனால் அந்த விதிகள் இணையதளத்துக்குத்தான். கண்ணாடி முன் நின்று வாயால் பேசுவதற்குப் பொருந்தா. ஜப்பானில் இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு, 50,000 யென்னுக்கு மேல் மதிப்புள்ள அழகுச் சிகிச்சை ஒப்பந்தம் செய்துகொண்டவர், ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த எட்டு நாட்களுக்குள் காரணம் எதுவும் கூறாமலே அதை ரத்து செய்துவிடலாம். இத்தகைய தவணையைத் தமிழில் 'ஆறப்போடும் காலம்' என்றால் பொருத்தமாக இருக்கும். நம் நாட்டில் அழகு நிலைய ஒப்பந்தங்களுக்கு அப்படிப்பட்ட பொதுச் சட்டம் இல்லை. ஆதலால் ஆறப்போடும் காலத்தை முன்பணம் கட்டுமுன்பே நாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்று இரவோடு முடியும் சலுகை நாளைக் காலையில் பெரும்பாலும் உயிரோடு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

என் தங்கை மகள் பன்னிரண்டில் மூன்று முறை மட்டுமே போயிருந்தாள். சீட்டு அவளிடம் பத்திரமாக இருந்தது. இனி வரப்போவதில்லை, மீதியைத் தருக என்று எழுத்தில் கேட்டாள். 'கட்டிய பணம் திருப்பித் தரப்படாது' என்று சீட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பதைச் சுட்டிக் காட்டினார்கள். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதிந்தாள். காலை 8 மணி முதல் இரவு 8 மணிவரை பேசலாம். அவர்கள் விடை கூறும் 17 மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த மையம் தீர்ப்புக் கூறுவதில்லை, இரு தரப்புக்கும் இடையே பேசித் தீர்க்க முயல்கிறது. மூன்று வாரத்தில் நிலையத்தார் இறங்கி வந்தார்கள். போய்வந்த மூன்று முறைக்கும் சலுகை விலையான 1,200 வீதம் அல்லாமல், தனி விலையான 2,000 வீதம் 6,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,400 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். அந்தக் கணக்கை எதிர்த்து மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம் என்றேன். "போதும் பெரியம்மா" என்றாள்.

அன்று இரவே அவள் தாயோடு முகம் பார்த்துப் பேசியதை அருகிலிருந்து கேட்டேன். பெண் இளைத்துவிட்டாள் என்பதைத் தவிர என் தங்கைக்கு அந்த முகத்தில் வேறு குறை எதுவும் தென்படவில்லை. இப்போது புருவத்துக்கு, அவள் அறை இருக்கும் சந்திலேயே ஒரு விதவைப் பெண்மணி தம் வீட்டு முன்னறையில் நடத்தும் இடத்துக்குப் போகிறாள். சுவரில் விலைப்பட்டியல் தொங்குகிறது. கட்டணம் 50 ரூபாய். வேலை நடக்கும்போது அந்த அம்மாள் தம் பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறாராம்.